மேகமா, சேறா? பாரியோவுக்குப் போக எந்த வழி

சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கும் சின்னம்மா மகள் போன வாரம் வாட்ஸப்பில் கேட்டாள்: "அண்ணே, ஜூன் லீவுக்கு நீங்க போன அந்த மலை ஊருக்கே நாங்களும் போகலாம்னு இருக்கோம். பிளேன்ல போறதா, ரோட்டுலயா? இவர் ரோட்டுல போனாதான் அனுபவம்னு சொல்றார்." மாப்பிள்ளை தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், லாரி ஓட்டியவர், அவருக்கு அப்படித்தான் தோன்றும். பதில் தட்டத் தொடங்கினேன். அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது. அழித்துவிட்டு "எழுதி அனுப்புறேன்" என்று மட்டும் போட்டேன். அலுவலகத்திலும் இரண்டு பேர் இதையே கேட்டிருக்கிறார்கள். சரி, எல்லாருக்குமாக எழுதிவிடலாம்.

ஊர் பாரியோ. போர்னியோ தீவிலுள்ள மலேசிய மாநிலமான சரவாக்கின் வடகிழக்கு மூலையில், இந்தோனேசிய எல்லையை ஒட்டி, மலைகளுக்கு நடுவே தாம்பாளம்போல் கிடக்கும் சமவெளி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரம். கெலாபிட் மக்களின் ஊர் அது. அந்த இனத்தவர் மொத்தமே சில ஆயிரம் பேர்தான். அவர்களிலும் பெரும்பாலோர் வேலைக்கும் படிப்புக்கும் மிரி, கூச்சிங் என்று நகரங்களுக்கு இறங்கிவிட்டார்கள். ஊரில் பல குடும்பங்கள் ஒரே கூரையடியில் வாழும் நீள வீடுகள், நெல் வயல், எருமைகள், ஒரு சின்ன விமான நிலையம். இரவில் ஸ்வெட்டர் தேவைப்படும். ஈசூனில் ஏர்கானை 25இல் வைத்துவிட்டுப் போர்வைக்குச் சண்டை போடுகிறவர்களுக்கு இது முன்னெச்சரிக்கை.

சிங்கப்பூரிலிருந்து மிரி வரைக்கும் யோசிக்க ஒன்றுமில்லை. சாங்கியிலிருந்து நேரடி விமானம், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஸ்கூட் நிறுவனம் 2024இல் இந்த மாதிரி ஊர்களுக்கென்றே 112 இருக்கை எம்ப்ரயர் விமானங்களைச் சேர்த்தது. அதில் ஏறியபோது, "என்னடா, ஒரு பக்கம் ரெண்டே ரெண்டு சீட்டு?" என்று அம்மா கேட்டார். அடுத்து ஏறப்போகும் விமானத்தில் மொத்தமே 19 இருக்கை என்று அப்போது நான் சொல்லவில்லை.

மிரியில் இறங்கியதும்தான் கேள்வி தொடங்குகிறது. ட்வின் ஓட்டர் என்ற சின்ன விமானத்தில் ஐம்பது நிமிடம் போகலாம். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் மரம் வெட்டும் சாலை வழியே ஒரு முழுப் பகல் போகலாம். அல்லது பாரியோவை விட்டுவிட்டு, அதே மிரியிலிருந்து குகைகளுக்குப் பேர்போன முலுவுக்குப் போகலாம். பாக்கெலாலான் என்ற பக்கத்து மலை ஊரிலிருந்து காடு வழியே நடந்து வருவது என்று நாலாவதாக ஒன்றும் உண்டு. மூன்று நாள் போல ஆகும், அட்டை கடிக்கும். அதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் என்னிடம் யோசனை கேட்கமாட்டார்கள்.

விமானத்திலிருந்து தொடங்குகிறேன்.

இந்தத் தடத்தில் பறப்பது வியாபார விமானம் இல்லை. சரவாக், சபா உள்நாட்டு ஊர்களுக்கு மலேசிய மத்திய அரசு மானியம் கொடுத்து நடத்திவந்த கிராமப்புற விமானச் சேவை இது. டிக்கெட் காசை மட்டும் நம்பினால் எந்த நிறுவனமும் பத்தொன்பது பேருக்காக ஒரு விமானத்தை மலைமேல் அனுப்பாது. 2006 ஆகஸ்ட்டில் ஃபிளை ஏஷியன் எக்ஸ்பிரஸ் இந்தச் சேவையை ஏற்றது. ஓராண்டு சொச்சத்தில், 2007 அக்டோபரில், மாஸ்விங்ஸ் கைக்கு மாறியது. 2025 பிப்ரவரியில் மாஸ்விங்ஸையே வாங்க சரவாக் அரசு ஒப்பந்தம் கையெழுத்திட்டது. புதுப் பெயர் ஏர்போர்னியோ. இணையத்தில் பழைய பயணக் குறிப்புகள் எல்லாம் மாஸ்விங்ஸ் என்றே சொல்லும், குழம்பவேண்டாம். சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. காமலாபுரத்தில் 1993இலிருந்தே விமான நிலையம் நின்றது. ஆனால் உடான் திட்டத்தில் அரசு காசு போட்ட பிறகுதான் ஒழுங்காக விமானம் வரத் தொடங்கியது, அதுவும் நடுவில் ஒருமுறை நின்று, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. சின்ன விமான நிலையம் கட்டுவது சுலபம், அதற்கு விமானத்தை வரவழைப்பதுதான் பெரும்பாடு.

மிரி நிலையத்தில் பெட்டியை எடை போட்டார்கள். ஆளுக்குப் பத்துக் கிலோ. அது எதிர்பார்த்ததுதான். அப்புறம் அந்தப் பெண் அம்மாவைப் பார்த்துச் சிரித்து, தரையிலிருந்த எடைமேடையைக் காட்டினாள். அம்மாவுக்குப் புரியவில்லை. "ஆன்ட்டியும் ஏறணுமாம்" என்று என் மனைவி சொன்னாள். கைப்பையோடு ஏறவேண்டும், அதுதான் முறை. கைப்பைக்குள் பாரியோவில் தங்கப்போகும் வீட்டுக்கென்று தேக்காவில் வாங்கிய முறுக்கு டப்பா, ஊறுகாய், பருப்புப் பொடி. எண் தெரியும் இடத்தை அம்மா உள்ளங்கையால் மறைக்கப் பார்த்தார். அந்தப் பெண் இதையெல்லாம் தினம் பார்ப்பவள் போல, தலையைத் திருப்பிக்கொண்டு காகிதத்தில் எழுதிக்கொண்டாள். விமானத்தில் உட்கார்ந்த பிறகு அம்மா சொன்னது: "செருப்போட நின்னேன். அதான்."

சின்ன விமானத்தில் எடை என்பது சும்மா சடங்கில்லை. ட்வின் ஓட்டர் கனடாவில் பிறந்த விமானம், 1965இல் முதலில் பறந்தது. குட்டையான ஓடுபாதையில் ஏறி இறங்குவதற்கென்றே செய்தது. அதற்கு ஆள், பெட்டி, எண்ணெய் மூன்றும் சேர்ந்த கணக்கு சரியாக இருக்கவேண்டும். எண்ணெய் கூடப் போட்டால் ஆளைக் குறைக்கவேண்டும். அதனால் 19 இருக்கை இருந்தாலும் எப்போதும் 19 பேர் போவார்கள் என்றில்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் இதுதான் என்னை ரோட்டில் இறக்கியது.

பறப்பது எப்படி? பயப்படுகிறவர்களுக்கு ஒரு வரி: சத்தம் அதிகம், ஆட்டம் உண்டு, ஐம்பது நிமிடத்தில் முடிந்துவிடும். ரசிக்கிறவர்களுக்குச் சொல்ல நிறைய உண்டு. விமானி உங்களுக்கு நேர் முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். இந்த விமானத்தில் வேகத்தைக் கூட்டும் பிடிகள் கூரையில் இருக்கின்றன. நெரிசலான பேருந்தில் கம்பியைப் பிடிப்பதுபோல் அவர் மேலே கையை நீட்டித் தள்ளுவார். அம்மா வழி முழுக்க அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். கீழே முதலில் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டம், கட்டம் கட்டமாக. அப்புறம் காடு, காட்டுக்குள் சிவப்பு நூல் போலச் சாலைகள். வானம் திறந்திருந்தால் பாத்து லாவி தெரியும்: காட்டிலிருந்து எழும்பி நிற்கும் இரட்டைப் பாறைச் சிகரம், 2,046 மீட்டர். எங்களுக்கு அரை நிமிடம் தெரிந்தது.

1945 மார்ச் 25ஆம் தேதி டாம் ஹாரிசன் என்ற ஆங்கிலேய அதிகாரி பாராசூட்டில் குதித்து இறங்கியது இந்தப் பாரியோ சமவெளியில்தான். ஜப்பானியர் வசமிருந்த போர்னியோவுக்குள் உள்ளூர் மக்களைத் திரட்டுவதற்கு வந்தவர். நம் சிங்கப்பூர், ஜப்பானியர் வைத்த சியோனான் என்ற பெயரில் கிடந்த அதே காலம். எல்லைக்கு அந்தப் பக்கம் பெலாவிட்டில் ஊர் மக்கள் மூங்கிலைப் பிளந்து தரையில் விரித்து ஓடுபாதையே போட்டுக் கொடுத்தார்கள். அதற்கு இருபது வருடம் கழித்து, இந்தோனேசியாவுக்கும் மலேசியாவுக்கும் மோதல் நடந்தபோது, எல்லையோரம் சிதறியிருந்த கெலாபிட் ஊர்களைப் பாதுகாப்புக்காகப் பாரியோவுக்கு இடம் மாற்றினார்கள். சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டில் மெக்டொனால்டு ஹவுஸில் 1965 மார்ச்சில் குண்டு வெடித்ததே, அதே மோதல்தான். நமக்கு அது பள்ளிப் பாடம். அவர்களுக்கு வீடு மாறிய வருடம்.

நிலையத்தில் இறங்கியதும் பார்த்தது இதுதான்: பாதி ஊர் அங்கே நிற்கிறது. வருபவரை அழைத்துப்போக வந்தவர்கள் சிலர். போகிறவரை வழியனுப்ப வந்தவர்கள் சிலர். மீதிப்பேர் சும்மா, யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க. தஞ்சாவூர்ப் பக்கம் கடைசிப் பேருந்து வந்து நின்றால் டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. எங்கள் விமானம் திரும்பிப் போகக் காத்திருந்தவர்களில் ஒரு பாட்டி, மடியில் மருத்துவமனைக் கோப்பு. பக்கத்தில் பள்ளிச் சீருடைப் பையன், அன்னாசிப்பழப் பை, அட்டைப் பெட்டியில் அரிசி. பாரியோவில் சின்ன மருத்துவ நிலையம்தான் இருக்கிறது. பெரிய சோதனைக்கெல்லாம் மிரிக்குத்தான் போகவேண்டும்.

இதைப் பார்த்தபின் ஒரு பழக்கத்தை விட்டேன். நாம் ஊர் சுற்றப் போகும்போது "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டு நாளுக்கும் டிக்கெட் போட்டுவிட்டுக் கடைசியில் ஒன்றை அப்படியே விட்டுவிடுவோம். டிக்கெட் மலிவு என்பதால் இங்கே அந்த ஆசை இன்னும் கூடும். மலிவாக இருப்பது மானியத்தால். மானியம் அந்தப் பாட்டிக்காக. 19 இருக்கை விமானத்தில் நீங்கள் வீணாக்கும் இரண்டு இருக்கை, பெரிய விமானத்தில் ஒரு வரிசை முழுக்க வீணாவதைவிடப் பெரிது. அதைச் செய்யாதீர்கள்.

இனி விமானத்தின் குறை. ஒரே குறைதான், ஆனால் பெரியது: மேகம். மலை சூழ்ந்த சமவெளியில் விமானி கண்ணால் ஓடுபாதையைப் பார்த்து இறங்கவேண்டும். காலையில் பள்ளத்தாக்கில் பனிமூட்டம் இருக்கலாம், மதியத்துக்கு மேல் மழை மேகம் திரளும். நடுவில் கிடைக்கும் நேரம்தான் விமானத்தின் நேரம். நாங்கள் திரும்பவேண்டிய நாளில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். மேகத்துக்கு மேலே விமானச் சத்தம் கேட்டது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அப்புறம் சத்தம் தேய்ந்து போய்விட்டது. ஊர்க்காரர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை, பைகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். "போய்ட்டானா?" என்று அம்மா கேட்டார். போய்விட்டான். அதுவே சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். திரும்பிப் போகத் தெரிந்த விமானியை நம்பித்தான் நான் அம்மாவை அதில் ஏற்றுவேன்.

மறுநாள் வரும் விமானத்தில் முதல் நாள் ஆட்களையும் சேர்த்து அடைக்க முடியுமா? எடைக் கணக்குப் போட்டார்கள். எங்களுக்கு இரண்டு இடம் கிடைத்தது. அம்மாவும் மனைவியும் ஏறினார்கள். எனக்கு அதற்கடுத்த நாள் காலை சிங்கப்பூர் விமானம். அப்படித்தான் ரோட்டில் இறங்கினேன். மாப்பிள்ளை சொல்லும் "அனுபவம்" எனக்குத் தேடாமலே வந்தது.

காலை ஏழு மணிக்கு ஒரு ஹைலக்ஸ் பிக்கப் வண்டி கிளம்பியது. ஓட்டுநர் பாரியோக்காரர், ஐம்பது வயதிருக்கும், அங்கிள் என்று கூப்பிட்டால் போதும். பின்னால் நானும் இரண்டு கல்லூரிப் பையன்களும். சாமான் தொட்டியில் காலி கேஸ் சிலிண்டர்கள், அன்னாசி மூட்டை, சங்கிலி, மண்வெட்டி. மண்வெட்டி எதற்கு என்று கேட்கவில்லை, பத்தரை மணிக்குத் தெரிந்துவிட்டது. முந்தின நாள் விமானத்தைத் திருப்பி அனுப்பிய அதே மழை, ஒரு மலைத்திருப்பத்தில் சாலையைக் குழைத்து வைத்திருந்தது. நம் ஊரில் வீடு மெழுகக் குழைப்பார்களே, அந்தப் பதம். வண்டி பக்கவாட்டில் நழுவியது. இறங்கினோம். சேறு கணுக்காலைத் தாண்டி ஏறியது. வண்டியின் முன்னாலிருந்த இரும்புக் கயிற்றை இழுத்துப் போய் மேலே ஒரு மரத்தில் கட்டி, அது வண்டியைத் தானே இழுத்துக்கொள்ள, நாங்கள் சக்கரத்தடியில் மண் தள்ளினோம். முக்கால் மணி நேரம். அங்கிள் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஏறி உட்கார்ந்ததும் ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார்.

இந்தச் சாலை யாரும் ஊருக்காகப் போட்டதில்லை. மரம் வெட்டும் நிறுவனங்கள் மரத்தை இறக்குவதற்குப் போட்டது, 2010க்குச் சற்று முன்பின்னாகப் பாரியோவரை எட்டியது. அதற்கு முன்னால் ஊருக்குச் சர்க்கரையிலிருந்து சிமென்ட் வரை எல்லாம் விமானத்தில்தான் வரவேண்டும். ஒரு மூட்டை சிமென்ட்டை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள், வீடு கட்ட என்ன ஆகும் என்று புரியும். அதனால் காடு போகிறதே என்று நான் சொன்னபோது அங்கிள் ஆமாம் என்றார், டீசல் விலை குறைந்தது என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். எதிரே மரம் ஏற்றிய லாரி வந்தால் நாம்தான் ஓரம் கட்டவேண்டும். சில இடங்களில் லாரிகள் இடது வலது மாறி ஓடும், வளைவின் உட்புறம் யாருக்கு என்பது அங்கே வேறு கணக்கு. பல மணி நேரம் கைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. மதியம் ஒரு முகாம் கடையில் மெகி மீ. இரவு ஒன்பதரைக்கு மிரி. அம்மாவும் மனைவியும் முற்பகலிலேயே இறங்கி, மதியச் சாப்பாடு முடித்து, தூங்கி எழுந்து, என் சட்டையைப் பார்த்துச் சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். பணத்தில் விமானம்தான் மலிவு. நான் ஒற்றை ஆளாக ஹைலக்ஸில் ஒரு இடத்துக்குக் கொடுத்தது, அம்மாவின் விமானக் கட்டணத்தைவிட அதிகம். நான்கைந்து பேர் சேர்ந்து முழு வண்டியும் பேசினால் இந்த இடைவெளி குறையும். சாமானில் சாலை ஜெயிக்கிறது. ஆளுக்குப் பத்துக் கிலோ என்பது போகும்போது போதும், ஆனால் திரும்பும்போது போதாது. காரணம் பாரியோ அரிசி. சீரகச் சம்பாவுக்குப் பக்கத்தில் வைக்கலாம், அவ்வளவு சின்னக் குருணை போன்ற மணி, வேகும்போதே வாசனை. வருடத்துக்கு ஒரு போகம்தான் விளைகிறது. அதைக் குழைய வடித்து ஒரு அகலமான இலையில் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். நம் கட்டுச்சோறுக்கு உடன்பிறப்பு. அசைவம் சாப்பிடாத அம்மா மூன்று நாளும் அந்தச் சோறு, காட்டுக் கீரை, பருப்புப் பொடி என்று ராஜபோகமாக இருந்தார். மலை ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்சி எடுக்கும் உப்பும் அங்கே உண்டு. அரிசி, உப்பு, அன்னாசி மூன்றும் என்னோடு ஹைலக்ஸில்தான் வந்தன. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அம்மா என் பயணத்தைப் பாராட்டினார்.

நம்பகத்தில்? இங்கேதான் எல்லாரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். விமானம் ரத்தாகும், சாலை ரத்தாகாது, ஆகவே சாலை நம்பகம் என்று மாப்பிள்ளை வாதிடுகிறார். விமானத்தை நிறுத்துகிற மழைதான் சாலையையும் கெடுக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், மேகத்துக்குக் காத்திருப்பது பாரியோவில், கூரைக்கடியில், சூடான சோற்றோடு. சேற்றுக்குக் காத்திருப்பது எங்கோ ஒரு மலைத்திருப்பில், இருட்டில். எது ரத்தானாலும் போவது நாள்தான். எங்கே உட்கார்ந்து அந்த நாளை இழக்கிறீர்கள் என்பதே கேள்வி.

அடுத்தது முலு. சிலர் இதைப் பாரியோவுக்கு மாற்று என்று நினைப்பதில்லை. நினைக்கவேண்டும். அங்கே போவது 19 பேர் விமானம் இல்லை, 68 இருக்கை ஏடிஆர் விமானம். மிரியிலிருந்து அரை மணி நேரம். முலுவுக்கு நாம் போகிற மாதிரிச் சாலை இல்லை, ஆற்றுப் படகு மாறி மாறிப் போனால்தான் உண்டு, ஆகவே பெரும்பாலோர் விமானத்தில்தான் வருகிறார்கள். யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக அறிவித்த தேசியப் பூங்கா, விமான நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். மான் குகைக்குப் பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள், ஒரு வழி மூன்று கிலோமீட்டர். மழை இல்லாத சாயங்காலம் என்றால் லட்சக்கணக்கான வௌவால்கள் கயிறு திரித்தாற்போல் குகையிலிருந்து கிளம்பும். முழங்கால் வலிக்காரர்களும் மெல்ல நடந்து பார்த்துவிடலாம். சின்னம்மா வருவதாக இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு முலுதான் சொல்வேன்.

ஆனால் முலுவில் குகை பார்க்கலாம், ஊர் பார்க்க முடியாது. பாரியோவில் ஊர்தான் காட்சி. நாங்கள் தங்கிய வீட்டில் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார்கள்: கெலாபிட் வழக்கத்தில் முதல் குழந்தை பிறந்ததும் பெற்றோர் தங்கள் பெயரை மாற்றிக்கொள்வார்கள், தாத்தா பாட்டியும் மாற்றிக்கொள்வார்கள், அதற்கு ஊருக்கே விருந்து. அம்மா இதைக் கேட்டு வெகுநேரம் யோசித்தார். நாம் தாத்தா பெயரைத் தூக்கிப் பிள்ளைக்கு வைத்து அவனைப் பேரன், அதாவது பெயரன், என்கிறோம். இவர்கள் பிள்ளை வந்ததும் தாத்தாவுக்கே புதுப் பெயர் வைக்கிறார்கள். "ரெண்டும் ஒண்ணுதான், திசைதான் வேற" என்றார். முலு விடுதியில் இந்தப் பேச்சு நடந்திருக்காது.

எப்போது போவது என்பது எப்படிப் போவது என்பதைவிட முக்கியம். நவம்பர், டிசம்பர் பள்ளி விடுமுறை நீளமாக இருக்கிறதே என்று போகாதீர்கள், வடகிழக்குப் பருவமழை. மேகம், சேறு இரண்டும் உச்சத்தில் இருக்கும் காலம். போதாக்குறைக்குக் கெலாபிட் மக்கள் கிறிஸ்துவர்கள், கிறிஸ்துமஸுக்கு வெளியூர்க்காரர்கள் எல்லாரும் ஊர் திரும்புவார்கள். பொங்கலுக்கு முதல் நாள் கோயம்பேட்டில் நின்றவர்களுக்கு மேலே விளக்கத் தேவையில்லை. ஈஸ்டரிலும் அப்படித்தான். ஜூலையில் வழக்கமாக நடக்கும் பெஸ்தா நுக்கெனென் உணவுத் திருவிழா சமயம் இடம் கிடைப்பது அரிது. ஜூன் விடுமுறைதான் நமக்குத் தோது.

இன்னும் இரண்டு நடைமுறை விஷயம். மிரி, பாரியோ டிக்கெட்டும் சிங்கப்பூர் டிக்கெட்டும் தனித்தனி. மலைமேல் விமானம் வராமல் போனால் சாங்கி விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. பாரியோவிலிருந்து இறங்கும் நாளுக்கும் சிங்கப்பூர் திரும்பும் நாளுக்கும் நடுவே முழுதாக இரண்டு நாள் விடுங்கள். நான் ஒரு நாள்தான் விட்டிருந்தேன், கதை மேலே இருக்கிறது. அந்த இரண்டு நாள் வீண் போகாது, விமானம் சொன்னபடி வந்துவிட்டால் மிரியிலிருந்து நியா குகைக்குப் போய்வரலாம். அப்புறம், சரவாக்குக்குத் தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு. கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள்கூட அங்கே ஆவணம் காட்டவேண்டும். வீட்டில் யாராவது இந்தியக் கடப்பிதழில் இருந்தால், விசா விதியை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பாருங்கள். ரொக்கம் ரிங்கிட்டாக மிரியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிக்கு நான் சொல்வது இது. போக விமானம், வரவும் விமானம், காலை விமானம், வார நாள். பிள்ளைகளுக்கு ஐம்பது நிமிடப் பறப்பு வாழ்நாள் முழுக்க நினைவிருக்கும், பதினான்கு மணி நேரக் குலுக்கலில் வாந்திதான் நினைவிருக்கும். சாலையை மாற்று வழியாக மனத்தில் வைத்திருங்கள், தங்கும் வீட்டில் கேட்டால் வண்டி ஏற்பாடு செய்து தருவார்கள். மாப்பிள்ளை பிடிவாதம் பிடித்தால், இறங்கும்போது மட்டும், மழையில்லாத வாரத்தில், அவரை அரிசி மூட்டையோடு ஹைலக்ஸில் அனுப்பிவிட்டு நீங்கள் மூன்று பேரும் பறந்து வாருங்கள். போகும்போது சாலை வேண்டாம். களைத்துப்போய்ச் சேர்ந்தால் பாரியோவில் முதல் நாள் தூக்கத்திலேயே போய்விடும்.

இதை நேற்று அவளிடம் ஃபோனில் சுருக்கமாகச் சொன்னேன். மாப்பிள்ளை பின்னாலிருந்து மண்வெட்டி பற்றி மட்டும் இரண்டு தடவை கேட்டார். அம்மாவும் வருகிறாரா என்று அவள் கேட்டதும் ஃபோனை அம்மாவிடம் கொடுத்தேன். வருவதாகச் சொல்லிவிட்டார். வைப்பதற்கு முன்னால் குரலைத் தாழ்த்தி அவளிடம் ஒன்று சொன்னார்: "மிரியில நிக்கவெச்சு எடை போடுவாங்க. செருப்பைக் கழட்டிட்டு நில்லு."